மஞ்சள் கயிறு, பித்தளைப் பட்டன்

எங்கள் வீட்டில் பட்டனுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. குமாரபாளையத்தில் அப்பாவுக்குத் தறி. அம்மா முன்னறையில் காஜா பட்டன் மெஷின் போட்டிருக்கிறார். சட்டை தைக்கிற கம்பெனிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சட்டைகளுக்குப் பட்டன் நுழைகிற காஜா ஓட்டை எடுத்து, பட்டன் வைத்துத் திருப்பி அனுப்புகிற வேலை. மிஞ்சிய பட்டன், நிறம் தப்பிய பட்டன், விளிம்பு உடைந்த பட்டன் எல்லாம் ஒரு பழைய பெயின்ட் வாளியில் சேரும். மற்றவர்களுக்கு அது குப்பை. எனக்கு அதைப் பார்த்தாலே கை பரபரக்கும்.

சும்மா உட்கார எனக்குத் தெரியாது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒரு விடுமுறை நாள் அந்த வாளியைத் தரையில் கவிழ்த்து, நிறம் நிறமாகப் பிரித்து, தறியில் மீந்த நூலை முறுக்கிக் கயிறாக்கி, முதல் கழுத்தணியைக் கட்டினேன். அது கழுத்தில் போட்டதும் நாய்ச் சங்கிலி மாதிரி தொங்கியது. அம்மா சிரித்த சிரிப்பில் மெஷின் நின்றுவிட்டது. ஆனால் எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. இரண்டு ஓட்டை பட்டனைக் கோத்தால் படுத்துக்கொள்ளும், நான்கு ஓட்டை பட்டனைக் குறுக்காகக் கோத்தால் நிமிர்ந்து நிற்கும். பட்டனுக்குப் பட்டன் நடுவில் ஒரு முடிச்சு போட்டால் ஒன்றோடொன்று உரசாது. கடைசியில் கொக்கியெல்லாம் வேண்டாம். இந்த முனையை அந்தக் கயிற்றின் மேலும், அந்த முனையை இந்தக் கயிற்றின் மேலும் சுற்றி முடிந்துவிட்டால், இழுத்தால் சுருங்கும், தளர்த்தினால் நீளும். அதை இழுவை முடிச்சு என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். கட்டுவதையெல்லாம் வீடியோ எடுத்து நெட்டில் போடுவேன். கல்லூரியில் பாதிப் பெண்கள் கையிலும் கழுத்திலும் எங்கள் வீட்டு வாளி ஏறிவிட்டது.

என் சினேகிதிக்குக் கட்டிக்கொடுத்தது மட்டும் தனி. சங்ககிரிப் பக்கத்துப் பெண் அவள். அவர்கள் வீட்டில் லாரிகள் ஓடுகின்றன. மூன்று வருடமும் வகுப்பில் என் பக்கத்து இடம் அவளுக்குத்தான். கடைசி வருடம் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவள், வாளியில் கைவிட்டுத் துழாவி, பழைய கோட்டிலிருந்து கழன்ற இரண்டு பித்தளைப் பட்டன்களை எடுத்தாள். அவற்றின் இரு பக்கமும் வைக்கச் சின்னச் சின்னக் கறுப்புப் பட்டன்களைப் பொறுக்கினாள். கயிறுகளில் பருத்தியில் முறுக்கிய மஞ்சள் கயிற்றைத் தொட்டாள்.

"லூசாடி நீ? தாலியாட்ட இருக்கும்," என்றேன்.

"இருந்தா இருந்துட்டுப் போகுது. கட்டுடி."

கட்டினேன். அவள் அதைக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அழகு பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் அவள் கல்லூரிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்குத்தான் முதலில் புலம்பல் வரும். அந்த வாரம் முழுக்கப் பக்கத்து இடத்தில் என் பையைத்தான் வைத்திருந்தேன்.

பிறகு தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு.

"ஏனுங்க, உங்க பிரெண்டோட அண்ணன் பேசுறனுங்க."

"அவளுக்கு என்னாச்சுங்கண்ணா?"

"ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கறா. ஊட்டுல ஒரு சின்ன சந்தேகம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா தீந்துரும். அந்தப் பட்டன், கயிறு எல்லாம் வெச்சிருப்பீங்கல்லங்க, அதையும் எடுத்துட்டு வந்துருங்க."

"எதுக்குங்க?"

"வாங்க, சொல்றனுங்க. பஸ் ஸ்டாண்டுல நான் நிக்கறேன்."

குரலில் கோபமே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மரியாதை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மரியாதைதான் எனக்கு உறுத்தியது. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அடுத்தவங்க ஊட்டு விவகாரம் சாமி. போகாத."

"அவ போன் ஆப்ல இருக்குதும்மா. போய்ப் பார்க்காம எப்படி?"

"அப்ப போனைக் கையிலயே வெச்சுக்க. நான் கூப்பிட்டா எடுக்கோணும்."

பட்டன் டப்பாவையும், கயிற்றுச் சுருளையும், நூல் வெட்டுகிற கத்திரியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

சங்ககிரியில் அவர் சொன்ன இடத்திலேயே, சொன்ன மாதிரியே நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. பையை வாங்கி வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டார். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க வீடியோவெல்லாம் பாத்தனுங்க. நல்லா பண்றீங்க. அத்தனையும் நீங்களே பண்றதுதானுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"சரீங்க."

அவ்வளவுதான். மலைக்கோட்டை ஒரு வளைவில் வலப்பக்கம் தெரிந்தது, அடுத்த வளைவில் இடப்பக்கம் தெரிந்தது. எங்கே போகிறோம் என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன்.

சேலம் ரோட்டோரம் வீடு, முன்னால் பெரிய களம். லாரிகள் வீட்டைப் பார்த்தபடி வரிசையாக நின்றன. ரோட்டிலிருந்து பார்த்தால் வீட்டு வாசல் தெரியாது. உள்ளே ஹாலில் அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். உள்ளறை வாசலில் அவள் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில், கதவு நிலையில் சாய்ந்தபடி, அவள். இளைத்திருந்தாள். கழுத்தில் என் மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். உதடு மட்டும் விரிந்தது.

"வா சாமி, உக்காரு. தண்ணி குடி," என்றார் அப்பா. நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். "பாரு சாமி, நாங்க படிக்காதவங்க. இதென்னதுன்னு எங்களுக்குத் தெரியல. இவ பட்டன்னு சொல்றா. மஞ்சக் கயித்துல ரெண்டு வில்லை தொங்குது, ரெண்டு பக்கமும் கருகமணியாட்டக் கோத்திருக்குது. ஊட்டுக்கு வந்த ஒறம்பரை சனம் கேட்டுட்டுப் போயிட்டாங்க, புள்ளைக்கு எப்பக் கண்ணாலம் ஆச்சுன்னு. வர்ற முகூர்த்தத்துல நிச்சயம் வெச்சிருக்குது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுல விழுந்தா என்ன ஆவும்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன்.

"ஐயோ அப்பா! இது எங்க ஊட்டு வாளியில கெடந்ததுங்க. கோட்டுப் பட்டன். நான்தான் கட்டிக் குடுத்தேன்."

"அதைத்தானுங்க இவளும் சொல்றா," என்றார் அண்ணன். "அன்னைக்கே கழட்டிப் பாத்திருப்போம். அம்மாதான் விடலை."

அவள் அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார். "என்னன்னு தெரியாம அதுல கை வெக்கக் கூடாதுங்க. பட்டனா இருந்தா சரி. வேற ஒண்ணா இருந்துட்டா, கழட்டுன பாவம் நம்ம கைக்கு வந்துரும்."

அந்த ஒரு சொல்லுக்காக அந்த வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. அது என்னவென்று தெரியும்வரை அவளை வெளியில் விடவும் இல்லை. என் முன்னால் நின்றது ஒரு கழுத்தணியைப் பற்றிய சந்தேகம் இல்லை. அது பட்டன் என்று முடிவானால் அவள் இந்த வாசலைத் தாண்டுவாள், இல்லையென்றால் தாண்டமாட்டாள்.

"அப்படீன்னா அதே மாதிரி ஒண்ணு எங்க கண்ணு முன்னாடி கட்டுங்க, பாக்கலாம்," என்றார் அண்ணன்.

இதென்ன பெரிய காரியம்! உற்சாகமாகவே டப்பாவைத் திறந்தேன். பித்தளைப் பட்டன் வேறு இல்லை, அதே அளவில் நிக்கல் பட்டன் இருந்தது. கயிறு அதேதான். நீளம் பார்க்கவேண்டும் என்று எழுந்துபோய் அவளைத் திரும்பச் சொன்னேன். பின்னலை ஒதுக்கினேன்.

என் இழுவை முடிச்சுகளைக் காணோம்.

கயிற்றின் இரண்டு முனைகளும் பிடரியில் நேருக்கு நேர் சேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு. பழக்கமில்லாத கை போட்டது. முதல் முடிச்சு கோணலாக இருந்தது, மற்ற இரண்டும் பயத்தில் இறுகியது போல் கல்லாக இருந்தன. அதன்மேல் மஞ்சள் இழைத்துப் பூசியிருந்தது. என் கயிற்றின் மஞ்சள் சாயப் பட்டறை மஞ்சள், அதற்கு வாசனை கிடையாது. இதற்கு இருந்தது.

கழுத்து ரோமமெல்லாம் சிலிர்த்து நிற்க அவள் அசையாமல் நின்றாள். நான் பின்னலை மெதுவாக மூன்று முடிச்சின்மேல் விட்டேன்.

"ஆச்சுங்களா?" என்றார் அண்ணன்.

"ஆச்சுங்கண்ணா. அளவு பாத்துட்டேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கை பழகிய வேலையை எடுத்துக்கொண்டது. கறுப்பு ஒன்று, முடிச்சு, கறுப்பு ஒன்று, முடிச்சு. இவர்கள் சந்தேகப்பட்டது சரி. வாசலைத் தாண்டவேண்டும் என்பதற்காக அவள் சொன்னது பொய். அந்தப் பொய்க்கு இப்போது என் விரல்கள்தான் சாட்சி. யார், எங்கே, எப்போது, எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்தவரை இதுதான்: நான் இதை என் வழக்கப்படி முடித்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், பின்னலை ஒதுக்குவார்கள்.

கடைசி பட்டன் ஏறியது. இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்தேன். ஒரு முடிச்சு. அதன்மேல் ஒன்று. அதன்மேல் இன்னொன்று.

"ஏனுங்க," என்றார் அண்ணன். குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "வீடியோவுல வேற மாதிரிப் போடுவீங்களே? ரெண்டு பக்கமும் சுத்தி, இழுத்தா வர்ற மாதிரி."

எத்தனை வீடியோ பார்த்திருப்பார் இவர்? ஆனால் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அன்றைக்கும் திறந்தது.

"அது மெழுகுக் கயித்துக்குங்கண்ணா. வழுவழுன்னு இருக்கும், நகரும். இது பருத்தி, சொரசொரப்பு. இழுவை முடிச்சு போட்டா நடுவுல சிக்கி நின்னுக்கும். ஒரே முடிச்சுன்னா வேர்வையில நெகிழ்ந்துரும். அதனால பருத்தின்னா மேல மேல போட்டுருவேன்."

அவர் கயிற்றை வாங்கி விரலால் உரசிப் பார்த்தார். அவள் பக்கம் போனார். பின்னலைத் தூக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். வெளியே லாரி ஒன்றை யாரோ முறுக்கிக் கிளப்ப, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானுங்கப்பா," என்றார்.

அப்பா பெருமூச்சு விட்டுக் காலை நீட்டினார். "அதான் நான் அப்பவே சொன்னனே. நம்ம புள்ள அப்படியெல்லாம் பண்ணாது."

நானும் மூச்சு விட்டேன். டப்பாவை மூடப் போனேன்.

"அப்ப இது வெறும் பட்டன்தானுங்களே?" என்றார் அண்ணன்.

"ஆமாங்கண்ணா."

"அப்ப அறுத்துருங்க."



"எதுக்குங்கண்ணா அறுத்துக்கிட்டு? தலை வழியா கழட்டிக்கலாமே," என்றேன்.

"கழட்டுனா நாளைக்கு மறுபடியும் மாட்டிக்குவா. நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நீங்க பண்ணுனதுதானுங்களே, உங்க கையாலயே அறுத்துருங்க. கத்திரி வெச்சிருக்கீங்கல்ல."

நான் கட்டியதில் பிடிக்காமல் போனதை நானே எத்தனையோ அறுத்து வாளியில் போட்டிருக்கிறேன். சகுனம், தோஷம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அந்தக் கத்திரியோ என் பாதி விரல் நீளம்தான். அதைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றபோது என்னால் கையைத் தூக்க முடியவில்லை. நான் தயங்கும் ஒவ்வொரு நொடியும் அண்ணன் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

அவள் என் கையிலிருந்து கத்திரியைப் பிடுங்கினாள்.

"குடுடி இங்க. அவ கட்டுன சாமானை அறுக்க அவளுக்கு மனசு வராதுண்ணா. போன வருசம் ஒரு கம்மல் உடைஞ்சதுக்கு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா."

சிரித்தபடி, கயிற்றை முன்பக்கம் இழுத்து, இரண்டு பித்தளைப் பட்டன்களுக்குப் பக்கத்தில் கத்திரியை நுழைத்து வெட்டினாள். முறுக்கு நூல், ஒரே வெட்டில் போகவில்லை. இரண்டாவது தடவையும் சிரித்துக்கொண்டேதான் வெட்டினாள். பட்டன்கள் தரையில் உருண்டன. ஒன்று அப்பாவின் காலடியில் போய் நின்றது.

நான் அவளைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். நிலைப்படியில் அவள் அம்மா தன் தாலிக் கொடியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி, தொலையட்டும். அந்தப் புள்ளைக்கு டீ வெய்யி," என்றார் அப்பா.

"டம்ளர் எடுக்க வா சாமி," என்று அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அடுப்பைப் பற்றவைத்தார். பால் பாத்திரத்தை வைத்தார். என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"தலை பின்னி உடறது நாந்தான சாமி. தெனமும் அந்த மூணு முடிச்சையும் பாத்துட்டுத்தான் பின்னுனேன்."

நான் அடுக்கிலிருந்து டம்ளர்களை எடுத்தேன்.

"பெத்தவ நான் இங்க இருக்கறப்பவே அவ கையாலயே அறுக்க உட்டுட்டாங்க." பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தார். "கேட்டுக்க. நாளைக்கு காலேஜுல பிராக்டிகல் இருக்குதுன்னு சொல்லு. போகலைன்னா டிகிரி வராதுன்னு சொல்லு. மாப்பிள்ளை ஊட்டுல டிகிரி முடிச்ச புள்ளைதான் வேணும்னு கேட்டிருக்கறாங்க. அதுக்கு மட்டும் இவரு அசைவாரு."

"நாளைக்கு எங்களுக்கு இல்லீங்கம்மா. வேற கிளாசுக்கு."

"காலேஜு தொறந்திருக்குமல்ல?"

"இருக்குமுங்க."

"அப்ப இருக்குதுன்னு சொல்லு."

"நீங்கம்மா? அப்புறம் உங்களுக்கு?"

அவர் டம்ளர்களைத் தட்டில் வைத்து என் கையில் கொடுத்தார். "சூடா இருக்குது. பாத்துப் புடி."

ஹாலில் அதைச் சொன்னேன். டிகிரி என்றதும் அப்பா மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். "நானே கொண்டாந்து விடறேன். நானே நின்னு கூட்டிட்டு வாரேன்," என்றார்.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் வண்டியிலிருந்து இறங்கினாள். கையில் ரெக்கார்டு நோட்டு, துப்பட்டா பின் குத்தி, நெற்றியில் திருநீறு. அண்ணன் எதிரே டீக்கடைக்குப் பக்கத்தில், புளியமர நிழலில் வண்டியை நிறுத்தினார். நாங்கள் இருவரும் கேட்டைத் தாண்டி, பேசாமல் நடந்து, பெண்கள் கழிவறைக்குப் போனோம். கதவைத் தாழிட்டதும் அவள் என் போனை வாங்கி, மனப்பாடமாக ஒரு எண்ணைப் போட்டு, "பின் கேட்டு. இப்பவே," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

அப்போதுதான் சொன்னாள். பரமத்தி வேலூரில், ஆற்றோரம் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம். வீட்டில் போட்டுக்கொண்டு திரிய முடியும் என்றுதான் தாலிக்குப் பதிலாக அந்தப் பட்டன் கயிற்றைக் கட்டிக்கொண்டாளாம். அவன் எங்கள் கல்லூரிதான், வேறு பிரிவு. ஊரையும் தெருவையும் சொன்னாள். வேறு சாதி. எங்கள் பக்கத்தில் அதற்குமேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படாது. எனக்கும் தேவைப்படவில்லை. அவள் வீட்டு வாசலை மறைத்துக்கொண்டு நின்ற லாரிகள்தான் கண்முன் வந்தன.

குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினாள்.

"அறுத்துட்டேன்டி," என்றாள். "அவனுக்கு ஏதாச்சும் ஆயிருமா?"

"பைத்தியமா நீ? அது பட்டன்டி. எங்க ஊட்டு வாளியில கெடந்த பட்டன்."

"நீ சொன்னாச் சரி," என்றாள். ஆனால் கழுவுவதை நிறுத்தவில்லை. நான்தான் குழாயை மூடினேன்.

பின் கேட்டில் ஒரு வாடகைக் கார் நின்றது. பின் சீட்டில் அவன், தலையில் தொப்பி. அவள் ஏறுவதற்கு முன்னால் ரெக்கார்டு நோட்டை என்னிடம் கொடுத்தாள். எங்கே போகிறாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். "தெரியாம இருந்தாத்தான் உன்னால சொல்ல முடியாது," என்றாள். கார் போய்விட்டது.

இப்போது வேண்டியது நேரம். நான் வீட்டுக்குப் போய்விட்டால் அண்ணன் உள்ளே வந்து தேடுவார். ஆகவே முன்வாசலுக்குப் போனேன். ரோட்டைக் கடந்து, புளியமரத்தடிக்குப் போய், அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"நீங்க முடிச்சுட்டீங்களா?"

"ஆமாங்கண்ணா. அவளுக்கு இப்பத்தான் வைவா. பேர் வரிசையில கூப்பிடுறாங்க."

"டீ சொல்லட்டுங்களா?"

சொன்னார். வெயில் ஏறியது. அவர் நிழலோடு நிழலாக வண்டியை நகர்த்தி வைத்தார். திடீரென்று, கேட்காமலே, பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் அவளை லாரியில் முன்னால் உட்காரவைத்து நாமக்கல் வரைக்கும் கூட்டிப்போவாராம். ஹாரன் அடிக்க அவளுக்குத்தான் விடுவாராம். "அடிச்சா நிறுத்தவே மாட்டாளுங்க. போலீஸ்காரரே சிரிச்சுட்டாரு ஒரு தடவை." அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. இத்தனை பிரியம் வைத்திருப்பவர் அதை எதுவாக மாற்றிக்கொள்வார் என்று யாரால் சொல்ல முடியும்?

பரீட்சை முடிந்து ஒரு கூட்டம் வெளியே வந்தது. இன்னொரு கூட்டம் வந்தது. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வாட்ச்மேன் கேட்டை ஒருக்களித்து மூடினார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். என் மடியில் இருந்த ரெக்கார்டு நோட்டைப் பார்த்தார். அட்டையில் அவள் பெயர்.

போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "அம்மா கிட்டக் குடுங்க," என்றார். அந்தப் பக்கம் என்ன பேச்சோ, வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டு, பட்டனை மாட்டினார்.

"நீங்க டீயைக் குடிங்க, ஆறிப்போவுது," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். வேகமாகக்கூடப் போகவில்லை.

என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. எங்கள் தெருவில் எப்போதாவது ஒரு வெள்ளைச் சட்டை நிற்கும், எங்கள் வாசலைப் பார்த்துவிட்டுப் போகும். எங்கள் அம்மா மெஷினை உள்ளறைக்கு மாற்றிவிட்டார். நான் வீடியோ போடுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் கட்டுவதை நிறுத்த முடியவில்லை. கை கேட்கமாட்டேன் என்கிறது. மஞ்சள் கயிறு மட்டும் வாங்குவதில்லை.

அவள் ஒரு தடவை பேசினாள், யாருடைய போனிலிருந்தோ. பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது, என்ன மொழி என்று பிடிபடவில்லை. இருவரும் நன்றாக இருக்கிறோம் என்றாள். அவன் ராத்திரி வேலைக்குப் போகிறான், அவன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும்வரை படுக்க முடியவில்லை என்றாள். பிறகு, "நீ அந்தப் பக்கம் போனியாடி? அம்மா எப்படி இருக்காங்க?" என்றாள்.

போயிருந்தேன். சேலம் போகும் சாக்கில், ஒரு தடவைக்கு மேல். பஸ் அந்த வீட்டைத் தாண்டும்போது ஜன்னலோரம் எழுந்து நின்றே பார்த்திருக்கிறேன். லாரிகள் அதே மாதிரி நிற்கும். இடைவெளியில் துணி காயப்போடும் கொடி தெரியும். சட்டை, வேட்டி, லுங்கி. ஒரு சேலையைக்கூட நான் அந்தக் கொடியில் பார்க்கவில்லை.

"பார்த்தேன்டி," என்றேன். "வாசல்ல நின்னுட்டிருந்தாங்க. நல்லாத்தான் இருக்காங்க."



"என்ன சேலை கட்டியிருந்தாங்க?" என்றாள்.